மாலத்தீவில் டைவ் கைடுக்கு டிப்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த பிப்ரவரியில் மாலத்தீவின் தெற்கு அரி அட்டோலில் (அட்டோல் என்பது வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்), சிலிண்டருடன் கடலுக்கடியில் நீந்தப் போகும் ஒரு டைவ் படகில் இருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த நான்கு இளைஞர்கள், கடலில் இறங்குவதற்கு முன் கைடு வழக்கமான விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "திமிங்கலச் சுறாவைக் காட்டிவிட்டால் ஆளுக்கு ஐம்பது டாலர் தருகிறோம்" என்று குறுக்கிட்டார்கள். கைடு சில நொடிகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். ஏறத்தாழ அதே சொற்களை 2013-இல் நானும் சொல்லியிருக்கிறேன். அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை எழுதத் தொடங்கிய குறிப்புகள்தாம் இவை. கொடுக்காமலே போவது, கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது போன்ற, எல்லாரும் அறிந்த பிழைகளை விட்டுவிடுகிறேன். நல்ல மனத்தோடு கொடுப்பவர்கள் செய்யும் பிழைகள் மட்டுமே இங்கு உள்ளன.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைப்பது

மாலத்தீவு ரிசார்ட் பில்லில் 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் இருக்கும். அதை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று அந்நாட்டின் 2008-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும் என்று நம்பலாம். ஆனால் பல ரிசார்ட்டுகளில் டைவ் சென்டரை நடத்துவது வேறொரு நிறுவனம். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர்தாம் இதை எனக்கு முதலில் விளக்கினார்: "அது எங்களுக்கு வரும் அண்ணை. டைவ் சென்டர் வேற கொம்பனி, அவையளுக்கு வராது." மாஃபுஷி, திகுரா போன்ற உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் இல்லத்தில் தங்கி, தனிக் கடையில் டைவ் செய்பவர்களுக்கும் இதே நிலைதான். உங்கள் கைடு அந்தப் பங்கில் சேர்ந்தவரா என்பதை முதல் நாளே வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் டைவ் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் கைடுக்கு 5 முதல் 10 டாலர் வரை கணக்கிட்டு வைக்கிறேன். அறை ஊழியருக்கு, சர்வீஸ் சார்ஜ் இருந்தாலும், நாளுக்கு 2 டாலர்.

விலங்கைக் காட்டினால் பணம் என்று பேசுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

2013-இல் நான் இருபது டைவ்கூட முடிக்காதவன். மூன்று நாள் தேடியும் திமிங்கலச் சுறா தென்படவில்லை. நான்காம் நாள் காலை, படகில் எல்லாருக்கும் கேட்கும்படி, கைடிடம் நூறு டாலர் தருவதாகச் சொன்னேன். தாராளமாக நடந்துகொள்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். பவளத்திட்டின் வெளிவிளிம்பில் இறங்கினோம். நீரோட்டம் வலுவாக இருந்தது. இருபது நிமிடம் கழித்துத் தொலைவில் ஒரு பெரிய நிழல் அசைந்தது. கைடு அதை நோக்கி விரைந்தார். நான் அவர் பின்னால் போனேன். ஆழத்தைக் காட்டும் என் கணிப்பொறிக் கடிகாரம் 34 மீட்டரைக் காட்டியபோதுதான், மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்கிற்குச் சட்டம் வகுத்த எல்லை 30 மீட்டர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. நிழல் மறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் குழுவில் ஒரு பெண்ணைக் காணவில்லை. முந்தைய மாதம்தான் உரிமம் பெற்றிருந்த அவர், எங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நீரோட்டத்தில் பிரிந்து, சிலிண்டரில் 40 பார் காற்று (பார் என்பது காற்றழுத்த அளவு) மீதியிருந்தபோது தனியாக மேலேறியிருக்கிறார். 50 பாருக்கு முன்பே மேலே வந்துவிட வேண்டும் என்று அன்று காலைதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. படகு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் மீண்டும் நீரில் இறங்கவில்லை.

கைடை அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பேரத்தைத் தொடங்கிய என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நூறு டாலரை அவரிடம் கொடுக்கப் போனேன்; அவர் வாங்கவில்லை.

கைடின் முதல் வேலை, இறங்கிய அத்தனை பேரையும் மேலே கொண்டுவருவது. ஒரு விலங்குக்குத் தனியாக விலை வைக்கும்போது, அந்த வேலையிலிருந்து அவருடைய கண்ணை நாம் விலக்குகிறோம். அவர் சம்பளத்தையும் நம் கையிலிருக்கும் நோட்டையும் ஒப்பிட்டால், அவரால் எளிதில் மறுக்க முடியாது என்பதும் புரியும். விலங்குக்கும் கேடுதான். திமிங்கலச் சுறா 1995 முதல் அந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட இனம். தெற்கு அரியில் அதன் உடலிலிருந்து 3 மீட்டரும் வாலிலிருந்து 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது நடத்தை நெறி. அப்பகுதியில் திரியும் பல சுறாக்களின் முதுகிலும் துடுப்பிலும் படகு மோதிய தழும்புகளை நீங்களே பார்க்கலாம். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில், மாண்டா திருக்கைகள் கூடும் இடத்தில், சிலிண்டருடன் இறங்கவே அனுமதி கிடையாது. அங்கும் "கொஞ்சம் அருகில் கூட்டிப் போங்கள்" என்று நோட்டை நீட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் அந்த நான்கு பேரிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். ஒருவர் எழுந்து போய்க் கைடிடம், "சுறா வராவிட்டாலும் எங்கள் டிப்ஸ் உண்டு" என்றார். அன்று சுறா வரவில்லை. ஒரு கழுகுத் திருக்கையைப் பார்த்துவிட்டு, ஆறு பேரும் ஒன்றாக மேலே வந்தோம்.

படகில் இருப்பவர்களை மறப்பது

நீருக்கடியில் நாம் பார்ப்பது கைடின் முகத்தை மட்டும்தான். சிலிண்டரைத் தூக்கி மாற்றுபவர், அலையில் ஏணியைப் பிடித்து நம் கையைப் பற்றி ஏற்றுபவர், நம் குமிழிகளைக் கண்ணால் தொடர்ந்தபடி தோனியைச் செலுத்தும் கேப்டன் ஆகியோர் மேலே இருப்பார்கள். (மாலத்தீவினர் படகுக்குச் சொல்லும் தோனி நம் தோணியேதான்.) 2013-இல் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தவர் கேப்டன். முழுத் தொகையையும் கைடின் கையில் கொடுத்து, அவர் பிரித்துக்கொடுப்பார் என்று விட்டுவிடாதீர்கள். படகுக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் தனி உறையில் வைத்துக் கேப்டனிடம் கொடுங்கள்.

இந்திய ரூபாயும் சில்லறைக் காசும்

டிப்ஸுக்கென்று இவற்றைக் கொண்டுபோகாதீர்கள்.

கிழிந்த நோட்டு, நூறு டாலர் நோட்டு

கிழிந்த, எழுதப்பட்ட டாலர் நோட்டை அங்கே மாற்றுவது கடினம். அந்தச் சிரமம் வாங்கியவர் தலையில் விழும். ஊரில் அன்னியச் செலாவணி வாங்கும்போதே 1, 5, 10 டாலர் நோட்டுகளாக வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கேட்காவிட்டால் நூறு டாலர் நோட்டுகளையே கட்டித் தந்துவிடுவார்கள்.

ஜப்பானிலும் இதையே செய்வது

ஒக்கினாவாவில் டிப்ஸ் வழக்கமில்லை; நன்றி சொன்னால் போதும்.

கடைசிக் காலை வரை தள்ளிப்போடுவது

பல டைவ்கள் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் கடைசி டைவ் புறப்படுவதற்கு முந்தைய நாளே முடிந்துவிடும். மறுநாள் காலை நீங்கள் பெட்டியோடு படகுத்துறையில் நிற்கும்போது, உங்கள் கைடு வேறொரு குழுவோடு கடலில் இருப்பார். கடைசி டைவ் முடிந்து, கருவிகளை நன்னீரில் அலசித் தொங்கவிட்டு, உங்கள் டைவ் பதிவேட்டில் கைடின் கையெழுத்தை வாங்கும்போதே உறையைக் கொடுத்துவிடுங்கள். உறையின் மேல் அவர் பெயரையும், டைவ் செய்த நாள்களையும், தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி நன்றியையும் எழுதுங்கள்.