25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு: முதல்முறை செய்பவர்களுக்கு

போன ஜூன் விடுமுறையில் உயர்நிலை 3 படிக்கும் என் அக்கா மகன் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தான். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் புரட்டி, மோல் கணக்கில் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். காலையில் அவனே மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்ட வரிதான். பதில் வரவில்லை, முகம் வாடிவிட்டது. உழைக்க அஞ்சாத பிள்ளை. எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று முதல் அவனோடு உட்கார்ந்து பழகிய முறை இது. 1980களின் இறுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, குறித்த நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து இதைத் தொடங்கினார். அங்கே தக்காளியை ‘பொமொடோரோ’ என்பார்கள். முறைக்கும் அதே பெயர்.

படி 1: வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். ‘இன்றைக்குக் கணக்கு படிக்கணும்’ என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். ‘இருபடிச் சமன்பாடு, முதல் ஐந்து கணக்கு’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்னால் வையுங்கள்.

படி 2: கைபேசி வேறு அறையில். திருப்பி வைத்தால் போதாது. நேரம் பார்க்கச் சாதாரண சமையலறைக் கடிகாரம் போதும்.

படி 3: 25 நிமிடம் அந்த ஒரு வேலை மட்டும். நடுவில் வேறு நினைப்பு வரத்தான் செய்யும். அதே துண்டுத் தாளில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

படி 4: மணி அடித்ததும் எழுந்திருங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எழும்பும் முன், திரும்பி வந்ததும் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘கணக்கு 4, இரண்டாவது வரியிலிருந்து.’ அப்போதுதான் மனம் புத்தகத்தை விட்டு வரும். பிறகு ஐந்து நிமிடம் கைபேசியைத் தொடாதீர்கள். அதில் குறுங்காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் மூளைக்கு இன்னொரு வேலைதான்.

2012இல் மைக்கேலா டீவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதியவர்களுக்கு இரண்டு கதைகள் சொன்னார்கள். ஒரு கதை முடிந்ததும் 10 நிமிடம் கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னார்கள். மற்றதற்குப் பிறகு, இரு படங்களுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 7 நாள் கழித்தும், எந்தக் கதைக்குப் பின் அமைதியாக இருந்தார்களோ அந்தக் கதையே கூடுதலாக நினைவில் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, சும்மா இருக்கும் பிள்ளையை நான் அதட்டுவதில்லை.

எங்கள் வீட்டில் ஓய்வு என்றால், சமையலறை ஜன்னல் கம்பில் காயும் துணியைத் தொட்டுப் பார்ப்பது, தாழ்வாரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதிர் அடுக்குமாடி புளோக்கின் கூரையைப் பார்த்தபடி நிற்பது. கிட்டப்பார்வை இவ்வளவு அதிகமாக இருக்கும் ஊரில், தூரத்தைப் பார்ப்பது கண்ணுக்கும் நல்ல இளைப்பாறல். வீட்டில் இடமில்லை என்றால் மின்தூக்கியில் இறங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

படி 5: திரும்பியதும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம், சற்றுமுன் படித்ததை வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். முதல் நாள் என் அக்கா மகன் மூன்று வரி எழுதினான், அதிலும் ஒன்று தவறு. மனம் தளர வேண்டாம். எட்டிப் பிடித்து நினைவுக்குக் கொண்டுவரும் அந்தச் சிரமம்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது. கோடு போட்டு மறுபடி வாசிப்பதற்கு அந்த வலு இல்லை.

படி 6: நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. 15 முதல் 30 நிமிடம். சாப்பிடலாம், குளிக்கலாம், படுக்கலாம்.

பள்ளி நாளில் நான்கு சுற்றை எதிர்பார்க்காதீர்கள். சிசிஏ எனும் பாட இணை நடவடிக்கை முடிந்து ஆறு மணிக்கு வீடு வரும் பிள்ளைக்கு இரண்டு சுற்றே நல்ல கணக்கு. 25 என்பதும் கல்வெட்டு அல்ல. தொடக்கநிலைப் பிள்ளைக்கு 15 நிமிடத்தில் தொடங்குங்கள். கட்டுரை எழுதும்போது கை ஓடிக்கொண்டிருந்தால் 40 வரை விடலாம், ஓய்வையும் அதற்கேற்ப நீட்டுங்கள். இரவு பத்துக்கு மேல் மட்டும் புதுச் சுற்று தொடங்க விடாதீர்கள். படித்தது மனத்தில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். அந்த நேரத்தை எடுத்துத் தேர்வுத் தாளுக்குக் கொடுக்க நான் ஒருநாளும் சம்மதிக்கவில்லை.