உள்பரிசோதனைக்கு முன்னால்: மகளிர் ஓ.பி.க்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர்களுக்கு

உள்ளே பார்க்கணும் என்று டாக்டர் சொன்னதும் முகம் வெளிறி நிற்கிறவரிடம் ‘ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க’ என்று சொன்னால் பயம் போகாது. என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும், வலித்தால் நிறுத்துவார்களா, இதெல்லாம் தெரியாததுதான் பயம். அதைச் சொல்லுங்கள், அதுவும் டேபிளில் படுக்கவைத்த பிறகு அல்ல, உடை கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. எழும்பூரிலோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ காலைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். சரிதான், ஆனால் கால்களை இறுக்கிக்கொண்டவரிடம் கெஞ்சுவதில் போகிற நேரம் இதைவிட அதிகம்.

முதலில் கூட வந்த மாமியாரையோ அம்மாவையோ ‘கொஞ்சம் வெளியே இருங்கம்மா, கூப்பிடுறேன்’ என்று அனுப்பிவிடுங்கள். ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி கேட்பதில் பயனில்லை. உடலுறவு இருந்திருக்கிறதா என்று தாழ்ந்த குரலில், ஏன் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் வயிற்று ஸ்கேனோடு முடிந்துவிடும். அந்த ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், உள்பரிசோதனைக்குக் காலியாக இருக்க வேண்டும். எது முதலில் என்று பார்க்காமல் பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டால், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தவர் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும்.

அடுத்து ஸ்பெகுலத்தை, அதாவது பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் கருவியைக் காட்டுங்கள். மறைத்து வைக்கிற பொருள் பெரிதாகத்தான் தோன்றும். கையில் கொடுத்து, திறந்து மூடி, அந்த ‘டக்’ சத்தத்தையும் கேட்கவிடுங்கள், ஏனென்றால் படுத்திருக்கும்போது திடீரென்று கேட்டால் தூக்கிவாரிப்போடும். இதை மெதுவாக வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள், பாப் டெஸ்ட் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை) என்றால் சின்ன பிரஷ்ஷால் தடவி எடுப்பார்கள், அப்புறம் கையுறை போட்ட விரல்களை உள்ளே வைத்து, இன்னொரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், எல்லாம் சில நிமிடம்தான் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குளிர்ச்சியாக இருக்கும், அழுத்துகிற மாதிரி இருக்கும், சிலருக்கு வலிக்கும். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லுங்கள், தூக்கினால் நிஜமாகவே நிறுத்தச் சொல்லுங்கள்.

பாதிப் பேருக்கு வலியைவிட வெட்கம்தான். முடி எடுக்காமல் வந்துட்டேன், வெள்ளைப்படுது, நாறுமோ என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தவிப்பார்கள். கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: முடி எடுக்க வேண்டாம், உள்ளே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், வெள்ளைப்படுவதைப் பார்க்கத்தானே டாக்டர் இருக்கிறார். புடவையில் வந்தவருக்கு உயர்த்திக்கொண்டால் போதும், லெக்கின்ஸ் போட்டு வந்த பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே மறைக்க எதுவுமே இருக்காது. ஒரு பெட்ஷீட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.

டேபிளில் ஏறியதும் திரையை இழுத்துவிட்டு, கால் பக்கம் வேலையில்லை என்றால் தலைமாட்டில் நில்லுங்கள். ஆண் டாக்டர் என்றால் நகரவே கூடாது. பரிசோதனையின்போது இன்னொரு பெண் கூட இருப்பது நோயாளியின் உரிமை. ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்று எத்தனை முறை சொன்னாலும் உடம்புக்குப் புரியாது. ‘இடுப்பைத் தூக்காதீங்க, கீழே அழுத்துங்க, வாயால மூச்சை மெதுவா விடுங்க’ என்றால் புரியும். அழ ஆரம்பித்தாலோ, முன்பு ஏதாவது நடந்திருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றினாலோ, அவசரமில்லாத பட்சத்தில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையது, வெளியே நிற்கிற கணவருடையது அல்ல.

முடிந்ததும் துடைத்துக்கொள்ள டிஷ்யூவோ பஞ்சோ கொடுங்கள். பாப் டெஸ்ட் எடுத்திருந்தால் லேசாக ரத்தக்கறை படலாம், அதிகமாகப் போனால் வரச் சொல்லுங்கள். ரிசல்ட்டுக்கு போன் நம்பர் எழுதும்போது, அது அவர் கையில் இருக்கிற போனா, வீட்டுக்காரர் போனா, அதில் கூப்பிட்டுப் பேசலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.