ஐந்து பேர் உறங்கி எழும் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி

"எத்தனை அடிப் படகு வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் புளஃபர்ஸ் பார்க் பக்கம் பதினெட்டு, இருபது அடிப் படகில் பகல் முழுக்க ஓடிவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புகிற குடும்பங்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் இரவு தங்கிவர ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அடிக்கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யார் எங்கே படுப்பது, இரவு இரண்டு மணிக்கு மாமி எழும்பினால் எதைப் பிடித்துக்கொண்டு ரொயிலெற்றுக்குப் போவா என்ற கேள்விகளில் இருந்து தொடங்கினால் அளவு தானாக வந்து சேரும்.

எங்கள் வீட்டில் நானும் கணவரும், இரண்டு பிள்ளைகளும், மாமியும். ஒன்ராறியோவில் இப்படியான குடும்பத்துக்குப் பொருந்துவது 28 முதல் 32 அடிக்குள் வரும் கபின் குரூசர், அதாவது உள்ளே உறங்கும் அறையுள்ள மோட்டார் படகு, என்பது என் முடிவு. சீ ரே சன்டான்சர், ரீகல், ஃபோர் வின்ஸ் விஸ்டா, கியூபெக்கின் டொரால் என்று பழைய படகுச் சந்தையில் இந்த வகை நிறையவே கிடைக்கும். எல்லாவற்றிலும் உள்ளமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: மூக்குப் பக்கம் ஒரு படுக்கை, நடுவில் மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை, பின்தளத்துக்குக் கீழே குகை மாதிரி ஒரு நடுக்கபின்.

விளம்பரத்தில் "ஆறு பேர் உறங்கலாம்" என்று போட்டிருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படுக்கையிலும் நீங்களே போய்ப் படுத்துப் பாருங்கள். விற்பவர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று கூச்சப்படாதீர்கள். முன்படுக்கை கால்மாட்டில் ஒடுங்கும், இரண்டு பெரியவர்களின் பாதங்கள் அங்கே ஒன்றோடொன்று முட்டும். நடுக்கபினில் நிமிர்ந்து உட்கார முடியாது, தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம், முழங்கால் வலி உள்ளவருக்குச் சித்திரவதை. மேசைப் படுக்கைதான் படகின் கூடமும். அதில் படுப்பவர் தூங்கிவிட்டால் மற்றவர்கள் விளக்கைப் போட்டு இருந்து கதைக்க முடியாது. ஆகவே ஆறு என்பதை நான்கு என்றே வாசியுங்கள், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் ஐந்து. எங்கள் மாமிக்கு நாங்கள் கொடுத்தது மேசைப் படுக்கை. அதுதான் உயரம் குறைவு, ரொயிலெற் கதவுக்கும் பக்கம்.

படுத்தபடியே மேலே பாருங்கள். காற்று வருகிற வழி எங்கே? திறக்கக்கூடிய கூரைக்கதவும் பக்க யன்னல்களும் இருக்கவேண்டும், அவற்றுக்கு நுளம்பு வலை இருக்கவேண்டும். யூலையில் ஜோர்ஜியன் குடாவில் வலையில்லாத படகில் ஓர் இரவு கழித்த குடும்பம் அடுத்த கோடையில் அந்தப் படகை விற்றுவிடும். முன்கபினில் படுப்பவர் தீ என்றால் அந்தக் கூரைக்கதவு வழியாக வெளியேற முடியுமா என்பதையும் அப்போதே பாருங்கள். உங்கள் தோள் அதற்குள் நுழையவேண்டும்.

அடுத்தது ரொயிலெற். இதைப்பற்றிக் கதைக்க எங்கள் ஆட்களுக்கு வெட்கம், ஆனால் இரண்டு நாள் பயணத்தை முடித்துவைப்பது பெரும்பாலும் இதுதான். ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விடுவது சட்டப்படி குற்றம். எல்லாம் படகிலேயே உள்ள தாங்கியில் சேர்ந்து, படகுகள் கட்டிநிற்கும் துறையான மரீனாவில் பம்ப் மூலம் உறிஞ்சி எடுக்கப்படவேண்டும். இந்த அளவுப் படகுகளில் கழிவுத் தாங்கி 70 முதல் 110 லீற்றர் வரை இருக்கும். நாங்கள் தண்ணீர் பாவித்துக் கழுவுகிறவர்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை லீற்றர், ஐந்து பேர், ஆளுக்கு நாளுக்கு ஐந்து தடவை என்று வைத்தால் 37 லீற்றருக்கு மேல். 70 லீற்றர்த் தாங்கி இரண்டாம் நாள் பின்னேரமே நிரம்பிவிடும். நூறு லீற்றருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் மானி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றும் இருந்தும் பாருங்கள். கைபிடிக்கக் கம்பி உண்டா? உள்ளே கெட்ட மணம் இருந்தால், கழிவுக் குழாய்கள் பழுதாகி மணத்தைக் கசியவிடுகின்றன என்று அர்த்தம். குழாய்களை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சமையலுக்கு நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. கரையில் மின்சாரம் இணைத்திருக்கும்போது 30 அம்பியர் இணைப்பில் சோற்றுக் குக்கர் தாராளமாக வேலை செய்யும், ஆனால் அதோடு குளிர்சாதனம், சுடுநீர்க் கொதிகலன், மின்னடுப்பு எல்லாம் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். நங்கூரம் போட்டு நிற்கும்போது பற்றறியில் ஓடவேண்டியவை குளிர்பெட்டியும் விளக்கும் தண்ணீர் பம்பும். எஞ்சினை இயக்குகிற பற்றறி தனியாகவும், கபின் பாவனைக்கான பற்றறி தனியாகவும் பிரிந்திருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் எழும்பாது. மீன் பொரிப்பதைப் பின்தளத்துக்கு வெளியே பொருத்தும் கிறில்லில் வைத்துக்கொள்ளுங்கள். கபினுக்குள் பொரித்த மணம் மெத்தையில் ஏறினால் இலேசில் போகாது.

இனி எங்கே போகப்போகிறீர்கள் என்பது. ஒன்ராறியோ ஏரி ஒரு கடல் மாதிரி நடந்துகொள்ளும். அலைகள் கடலில் போல நீளமாக உருண்டு வராமல் குறுகியும் செங்குத்தாகவும் வரும். ஏரியின் நீளம் 311 கிலோமீற்றர். கிழக்குக் காற்று அவ்வளவு தூரத்தையும் தடவிக்கொண்டு வந்து அலையை ரொறன்ரோப் பக்கம் கொட்டும். இதற்கு ஆழமான வீ வடிவ அடிப்பாகம் வேண்டும். பின்பக்கத்தில் அடிச்சரிவு 18 முதல் 21 பாகை என்று விபரத்தாளில் இருந்தால் நல்லது. அதே ஆழமான வீ, நங்கூரம் போட்டு நிற்கும்போது பக்கவாட்டில் அதிகமாக ஆடும். அகலம் கூடினால் அந்த ஆட்டம் குறையும். வாகனத்தில் இழுத்துச் செல்ல ஒன்ராறியோ வீதிகளில் விசேட அனுமதி இல்லாமல் 2.6 மீற்றர் அகலம்தான் எல்லை. அந்த எல்லைக்குள் அடக்கக் கட்டிய 27, 28 அடிப் படகுகள் உயரம் கூடி ஒடுங்கி நிற்கும், பக்கத்தில் ஒரு படகு விரைந்து போனாலே கோப்பை கவிழும். மரீனாவில் நிரந்தர இடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று மீற்றருக்கு மேல் அகலமான படகை எடுங்கள்.

ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் ஆறுகளாலும் ஏரிகளாலும் கால்வாய்களாலும் இணைக்கும் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி வேறு உலகம். ட்ரென்டனில் இருந்து போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீற்றர், நிதானமாகப் போனால் ஒரு வாரம். வெட்டிய கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகமுடியாது. நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் லொக்குகளில் பார்க்ஸ் கனடாவின் அனுமதிச் சீட்டோடு இரவில் கட்டிநிற்கலாம், கரையில் ரொயிலெற்றும் புல்வெளியும் இருக்கும். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு லொக் படகைத் தண்ணீரோடு சேர்த்து ஏறக்குறைய 20 மீற்றர் உயர்த்தும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். இரவு தங்கும் பயணத்தைப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இங்கே வேகம் உதவாது. மெதுவாகப் போகும்போது படகு நேராகப் போகிறதா, சுக்கான் பிடிப்பவர் தவிர இன்னொருவர் முன்னுக்கும் பின்னுக்கும் பாதுகாப்பாக நடந்து கயிறு பிடிக்க முடிகிறதா என்பவைதான் முக்கியம். சில படகுகளில் மூக்குக்குப் போகப் பாதம் வைக்கும் அளவு விளிம்புதான் இருக்கும். முன்கண்ணாடி நடுவில் திறந்து படியேறிப் போகும் அமைப்புள்ள படகைத் தேடுங்கள். பிள்ளைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எஞ்சின் விடயத்தில் ஆளாளுக்கு ஒரு கட்சி. இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலானவை மேர்க்குரூசர் அல்லது வொல்வோ பென்ரா பெற்றோல் எஞ்சின், வெளியே தொங்கும் சுழலித் தொகுதியோடு வரும். அந்தத் தொகுதியை உயர்த்தலாம் என்பது அந்த நீர்வழியில் உள்ள கவார்த்தா ஏரிகளின் பாசியிலும், ஸ்டோனி ஏரியின் கருங்கற்களிடையேயும் பெரிய வசதி. அதன் பலவீனம், தண்ணீருக்குள் இருக்கும் றப்பர் உறைகள். அவை கிழிந்தால் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கலாம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு, பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிப்பொருத்து எஞ்சின் உள்ள புதிய படகுகளில் இந்தக் கவலை இல்லை, குளிர்காலத் தயார்ப்படுத்தலும் சுலபம், ஆனால் பிள்ளைகள் குதித்து நீந்துகிற பின்தளத்தின் நடுப்பகுதியை அவை பிடித்துக்கொள்ளும்.

ஒன்றா, இரட்டையா? 29 அடி வரை ஒரு எஞ்சின் போதும். அதற்கு மேல் பாரம் கூடும்போது இரட்டை எஞ்சின், மரீனாவுக்குள் காற்றடிக்கும்போது படகைத் திருப்பவும் பெரிய உதவி. ஆனால் பராமரிப்பு எல்லாம் இரண்டால் பெருகும். பெற்றோலுக்கு ஒரு மனக்கணக்குச் சொல்கிறேன்: முழு வேகத்தில் ஒவ்வொரு 10 குதிரைவலுவுக்கும் மணிக்கு ஏறக்குறைய 3.8 லீற்றர். 300 குதிரைவலு என்றால் 115 லீற்றரை நெருங்கும், பயண வேகத்தில் அதில் ஏறக்குறைய 60 வீதம். புளஃபர்ஸ் பார்க்கில் இருந்து கோபேர்க் வரை சுமார் 90 கிலோமீற்றர். 20 நொட் (மணிக்கு 37 கிலோமீற்றர்) வேகத்தில் இரண்டரை மணித்தியாலம், 170 லீற்றர் அளவில். தாங்கியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்பது பழைய விதி. தாங்கியின் கொள்ளளவை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதை அருள்கூர்ந்து இருமுறை வாசியுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, எஞ்சின் அறையின் அடியில் போய்த் தேங்கும். அதனால் எஞ்சினை இயக்குமுன், அந்த ஆவியை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடவேண்டும். காற்றூதி இயங்குகிறதா என்று வாங்கும்போதே, வெளித்துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். காபன் மொனொக்சைட் இன்னும் கள்ளத்தனமானது, மணமே இல்லை. எஞ்சினோ ஜெனரேற்றரோ ஓடும்போது புகை பின்தளத்தில் சுழன்று கபினுக்குள் திரும்பி வரும். ஒவ்வொரு உறங்கும் இடத்திலும் படகுக்கென்று செய்த அலாரம் இருக்கவேண்டும். அதன் முதுகில் காலாவதியாகும் ஆண்டு அச்சிட்டிருக்கும், பழைய படகுகளில் அது பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். ஜெனரேற்றரை ஓடவிட்டுக்கொண்டு யாரும் உறங்கக்கூடாது, பின்படியில் பிள்ளைகள் நீந்தக்கூடாது. எங்கள் படகில் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

நங்கூரத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். நான்கு மீற்றர் ஆழத்தில், மூக்கு நீருக்கு மேல் ஒன்றேகால் மீற்றர் நிற்கும் படகுக்கு, இரவு தங்க அந்தக் கூட்டுத்தொகையின் ஏழு மடங்கு, அதாவது 37 மீற்றர் அளவு கயிறும் சங்கிலியும் வெளியே விடவேண்டும். அவ்வளவு நீளம் பெட்டியில் இருக்கிறதா, அதை மின்விசையால் இழுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

மனதுக்குப் பிடித்துவிட்டதா? இன்னும் காசைக் கொடுக்காதீர்கள். விற்பவர் காட்டுகிற ஆளை அல்ல, நீங்களே தேடிய மரைன் சேர்வேயரை, அதாவது படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை, அழையுங்கள். படகைத் தண்ணீரில் இருந்து தூக்கி, சுத்தியலால் தட்டி ஒலி கேட்டு, ஈரமானியால் பின்சுவரையும் அடிச்சட்டங்களையும் அவர் சோதிப்பார். உள்ளே இருக்கும் பலகை ஊறியிருந்தால் வெளியே பளபளப்பாகத்தான் தெரியும். எஞ்சினுக்குத் தனியாக ஒரு மெக்கானிக், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தச் சோதனையோடு. எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களைக் காட்டும் மணிமானி குறைவாகக் காட்டுவதை மட்டும் நம்பவேண்டாம், பதினெட்டு வருடத்தில் இருநூறு மணி ஓடிய எஞ்சின் சும்மா கிடந்தே கெட்டிருக்கலாம். படகு எப்போதும் நன்னீரில் இருந்ததா என்று கேளுங்கள். புளோரிடாவில் இருந்து மலிவாக வந்தது என்றால் உப்புநீர் எஞ்சினின் புகைக்குழாய்ப் பகுதிகளை உள்ளிருந்து அரித்திருக்கும். பின்சுவரின் வலது மேல்மூலையில் உள்ள 12 எழுத்துப் படகு அடையாள இலக்கம் பத்திரத்தோடு ஒத்துப்போகவேண்டும், படகின்மேல் கடன் பதிவு இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடவேண்டும்.

மோட்டார் படகு ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஓட்டுநர் அட்டை வேண்டும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும், ஆகவே இரண்டு பெரியவர்களும் எடுங்கள். ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் மற்றவர் கரைக்குக் கொண்டுவரவேண்டுமே. மதுபானம் பற்றியும் கேட்கிறார்கள்: நிரந்தரப் படுக்கை, நிரந்தரச் சமையல் வசதி, நிரந்தர ரொயிலெற் மூன்றும் உள்ள படகில், நங்கூரம் போட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டும்தான் ஒன்ராறியோவில் அனுமதி.

வாங்க நல்ல காலம் ஓகஸ்ற் கடைசியும் செப்ரெம்பரும். குளிர்காலச் செலவுக்கு முன் விற்க விரும்புகிறவர்கள் விலையில் இறங்குவார்கள், படகும் இன்னும் தண்ணீரில் இருக்கும், ஏரியில் ஓட்டிப் பார்க்கலாம். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, அந்தப் பாரத்தோடு ஓட்டுங்கள். வெறும் படகு எல்லாமே வேகமாகத்தான் ஓடும். பிளாஸ்ரிக் சுற்றித் தரையில் ஏற்றிய பிறகு வாங்குவதானால், வசந்தத்தில் ஓட்டிப் பார்த்த பின்பே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எஞ்சினுக்குள் இருந்த நீரை வடித்து, உறைதடுப்புத் திரவம் விட்டது யார், எந்தத் திகதியில் என்ற பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். உள்ளே தங்கிய நீர் சனவரியில் உறைந்து எஞ்சினில் விரிசல் விழச் செய்திருந்தால், மே மாதம் தண்ணீரில் இறக்கும்வரை அது யார் கண்ணுக்கும் தெரியாது.