பனியன் துணிப் பொம்மையும் நாம் செய்கிற தவறுகளும்

திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு பை பனியன் வேஸ்ட், அதாவது பனியன் தைக்கிற இடத்தில் வெட்டிக் கழித்த துணித் துண்டுகள், கிடக்கும். வண்டி துடைக்க, அடுப்படி துடைக்க எடுத்தது போக மிச்சமிருந்ததில் என் மகளுக்கு ஒரு பொம்மை தைத்தேன். அப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. கண்ணுக்கு இரண்டு கருப்புப் பட்டன், வாய்க்குச் சிவப்பு நூலில் காதுவரை ஒரு சிரிப்பு. இரண்டுமே தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் பட்டன். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் குழந்தை கடித்து இழுத்தால் கழன்றுவிடும். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கிற இடத்தில் சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதையும் மூன்று வயது வரை கொடுக்கக் கூடாது. பட்டன், பாட்டில் மூடி, கிலுகிலுப்பைக்குள் போடுகிற புளியங்கொட்டை எல்லாமே அடங்கிவிடும். கண்ணை நூலிலேயே தைத்துவிடுங்கள். இழுத்து விளையாடுகிற கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். தோட்டத்தில் கிடக்கிற பூச்சிமருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் விளையாட்டுச் சாமான் செய்ய எடுக்காதீர்கள்.

சிரிப்பில் என்ன தப்பு என்கிறீர்களா? ஒருநாள் வாசல்படியில் விழுந்து அழுதவளிடம் அந்தப் பொம்மையை நீட்டினேன். வாங்கி வீசி எறிந்துவிட்டாள். நாம் வலியில் அழும்போது எதிரே ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் நமக்கும் அப்படித்தானே இருக்கும்? அன்று ராத்திரி வாய்த் தையலைப் பிரித்துவிட்டேன். வாய் இல்லாத பொம்மை காலையில் அழும், மத்தியானம் கோபித்துக்கொள்ளும், சாயங்காலம் சிரிக்கும். எல்லாம் அவள் வைத்ததுதான்.

அழுகையை நிறுத்தப் பொம்மையை ஆட்டிக் காட்டுவதும் இதே வகைதான். அழுகை நிற்கும், ஆனால் தனக்கு என்ன ஆயிற்று என்பதற்குக் குழந்தைக்கு ஒரு சொல் கிடைக்காது. “கால் வலிக்குதுங்களா சாமி? பொம்மைப் பாப்பாவுக்கும் வலிக்குதாமா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதற்காக, பொம்மையைக் காட்டி “இது சோகமா, கோபமா, சொல்லு” என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம்.

அதிகம் பேர் செய்வது இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பையன் வருவான், பொம்மையைப் பிடிப்பான், இவள் கத்துவாள். உடனே பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து “குடு அம்மிணி, பையன் பாவமில்ல?” என்று அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொடுப்போம். இரண்டு வயதில் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதே அதிகம். அடுத்தவருக்கும் ஆசை இருக்கும் என்பது மெல்ல மெல்லத்தான் புரியும். பிடுங்கிக் கொடுத்தால், பலம் உள்ளவர் பிடுங்கலாம் என்பதுதான் அவளுக்குப் புரிகிறது. சும்மா கிடைக்கிற துணிதானே, ஒன்றுக்கு இரண்டாகச் செய்யுங்கள். முறை வைத்து விளையாடப் பழக்க, துணிக் கீற்றுகளைச் சுருட்டி ஒரு பந்து கட்டி, “உனக்கு, எனக்கு” என்று உருட்டினால் போதும்.

ஸ்பின்னிங் மில்லில் கழித்துப் போடுகிற, நூல் சுற்றும் காகிதக் கோனும் நல்ல சாமான். நீ ஒன்று, நான் ஒன்று என்று அடுக்கலாம். சரிந்து விழுந்ததும் ஓடிப்போய் அடுக்கித் தராதீர்கள். “அடடா, சரிஞ்சு போச்சே” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சின்ன ஏமாற்றத்தைத் தாங்கப் பழகத்தானே அந்த விளையாட்டு?

அப்புறம் பூச்சாண்டி. எங்கள் வீட்டு அம்மிச்சி, அதாவது பாட்டி, அந்தப் பொம்மையையே காட்டி, “சோறு உண்ணாட்டி இது வந்து புடிச்சுக்கும்” என்றார். சொன்னவர் மேல் கோபமில்லை, எனக்கும் அவர் அப்படித்தான் ஊட்டினார். ஆனால் நாலு நாளைக்கு அவள் பொம்மையைத் தொடவே இல்லை. பயத்தைச் சொல்லி ஆறுகிற இடமே பயமுறுத்துகிற இடமாகிவிட்டது. “பாரு, பொம்மை எவ்வளவு சமத்தா இருக்குது” என்று ஒப்பிடுவதும் கூடாது.

ரொம்ப அழகாகச் செய்துவிட்டு, கிழிந்ததும் “எவ்வளவு சிரமப்பட்டுத் தைச்சேன்” என்று மனத்தாங்கல் படுவது நம்முடைய நோய். கிழிந்தால் அவள் பார்க்கத் தையுங்கள். அழுக்கானது என்று தூங்கும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள், துவைத்துக்கொள்ளலாம். அடர்ந்த நிறத் துணி சாயம் விடும், அதை மட்டும் தைப்பதற்கு முன்பே அலசிவிட வேண்டும்.

எங்கள் பொம்மையைப் பக்கெட்டில் ஊறப்போட்டு, அவளையும் சோப்புப் போட விட்டேன். தலையில் நுரையைத் தேய்த்துக்கொண்டே, அவளுக்குத் தலைக்கு ஊற்றும்போது நான் சொல்வதை அதனிடம் சொன்னாள்: “கண்ணை மூடிக்கோங்க, எரியாதுங்க.”