ஹாக்கன்ஹைமுக்கு வண்டி கட்டுகிறீர்களா? பெட்டி மூடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் டீமில் மூன்று வருடம் இருந்தேன். முதல் வருடம் பிரேக் பிரிவில், கடைசி வருடம் கேப்டன். ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் ரிங் ரேஸ் டிராக்கில் 2006 முதல் நடக்கும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்கு (காலேஜ் மாணவர்கள் தாங்களே சின்ன ரேஸ் கார் கட்டிக் கொண்டுவரும் போட்டி) நம் ஊரிலிருந்து வண்டி கொண்டுபோக நினைக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எந்த எஞ்சின், எந்த டயர், எவ்வளவு எடை. அதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் காலண்டரை எடுங்கள்.

போட்டி ஆகஸ்ட்டில். ஒரு ஐரோப்பிய டீம் ஜூலை கடைசி வரை வண்டியில் கை வைக்கலாம், வேனில் ஏற்றி ஒரு ராத்திரி ஓட்டினால் டிராக்குக்குப் போய்விடும். நமக்குக் கப்பல் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே போய்விடும், அதற்கு முன்னால் இங்கே சுங்கம், பின்னால் அங்கே சுங்கம், நடுவில் ஏதாவது துறைமுகத்தில் கண்டெய்னர் கிடந்தால் அந்த நாட்களும் சேரும். ஆக ஜூன் முதல் வாரம் மரப்பெட்டியை மூடியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் பரீட்சை வேறு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரே முடிவுதான் வரும்: ஆகஸ்ட்டில் ஓட வேண்டிய வண்டி ஜனவரியிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நல்ல வேளையாக ஜனவரிக்கு நம் வாசலிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத், அதே மாதிரியான நம் நாட்டுப் போட்டி. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டிக் காட்டிய கரிவரதனின் பெயரில் இருக்கும் டிராக் அது, அங்கே வண்டியை இறக்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கும். விதிகள் பெரும்பாலும் ஜெர்மனி விதிகளை ஒட்டியவை. ஒரு வண்டியை அதன் முதல் போட்டியிலிருந்து ஒரு வருடம் வரை பயன்படுத்தலாம் என்பதால், ஜனவரியில் ஓடிய அதே வண்டியைத் திருத்தி, மெருகேற்றி ஜெர்மனிக்கு அனுப்பலாம். புது வண்டி கட்டும் ஆசையை அடுத்த பேட்சுக்கு விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் டிசைனுக்குப் பூட்டு செப்டம்பர் கடைசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெல்டிங், லேத், அசெம்பிளி. இந்தத் தேதிகளைப் பார்த்ததும் சீனியர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. கார்பன் ஃபைபர் சேஸி, புது சஸ்பென்ஷன், பெரிய விங் எல்லாம் ஒரே வருடத்தில் வேண்டும் என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு ஒரு பெரிய மாற்றம் போதும். மீதி எல்லாம் போன வருடம் உடையாமல் ஓடியதே இருக்கட்டும்.

ரூல் புக்கை டீமில் எல்லோரும் படிக்க வேண்டும், கேப்டன் மட்டும் படித்தால் போதாது. பெட்ரோல் வண்டி என்றால் 710 சிசி வரை, எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் என்ற குறுகிய துளை வழியாகத்தான் போக வேண்டும். எலக்ட்ரிக் என்றால் 600 வோல்ட், 80 கிலோவாட் வரை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன்னால் இருக்கும் இம்பேக்ட் அட்டெனுவேட்டர் (மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பாகம்), 300 கிலோ எடை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதும்போது வேகம் குறையும் வீதம் சராசரி 20 ஜி, உச்சம் 40 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) தாண்டாமல் தாங்குகிறது என்று டெஸ்ட் செய்து ஆவணம் அனுப்ப வேண்டும் என்பது டிசம்பரில்தான் பலருக்கு உறைக்கும். அதற்கு லேபில் தேதி வாங்குவதற்கே வாரக்கணக்கில் அலைய வேண்டும். ஹாக்கன்ஹைமில் இடம் கிடைப்பதற்கும் வருடத் தொடக்கத்தில் ஆன்லைன் க்விஸ் உண்டு. விதிகளிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் கேள்வி வரும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தீபாவளி முடிந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு மாக் டெஸ்ட் வையுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்: ஓட்டம். எண்டூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டம் 22 கிலோமீட்டர். பாதியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் டிரைவர் மாற வேண்டும், அப்புறம் திரும்ப ஸ்டார்ட் செய்து மீதியை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் எண்டூரன்ஸ் புள்ளியோடு எஃபிஷியன்ஸி (எரிசக்திச் சிக்கனம்) புள்ளியும் போச்சு. இரண்டும் சேர்ந்தால் மொத்தப் புள்ளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எங்கள் முதல் வருடம் கேடிஎம் 390 பைக் எஞ்சின். 11 கிலோமீட்டர் அழகாக ஓடி உள்ளே வந்தது. முதல் டிரைவர் இறங்கினார், இரண்டாவது ஆள் உட்கார்ந்தார், பெல்ட்டை இறுக்கினோம், இன்னும் நாற்பது நொடி பாக்கி. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் ஒரு சுற்று முனகி நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்ததும் ரேடியேட்டர் ஃபேனும் நின்றுபோய், சூடு வெளியேற வழியில்லாமல் எஞ்சின் மேலும் கொதித்திருக்கிறது. நாங்களோ எடை குறைய வேண்டும் என்று சின்ன பேட்டரி வைத்திருந்தோம். ஒரு கிலோ மிச்சம் பிடிக்கப்போய் முழு எண்டூரன்ஸும் போனது. இரண்டாவது டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் நாங்கள் வண்டியை அந்த மூன்று நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் கிரவுண்டில் கோன் வைத்து, ஏப்ரல் வெயிலில் மதியம் ஒரு மணிக்கு, முழு 22 கிலோமீட்டர், நடுவில் சரியாக மூன்று நிமிடம் அணைத்து, டிரைவர் மாற்றி, திரும்ப ஸ்டார்ட். பெட்டி மூடுவதற்குள் ஒன்பது தடவை செய்தோம். முதல் நான்கு தடவையும் ஏதாவது ஒன்று போனது: கூலண்ட் ஹோஸ் கிளாம்ப், செயின் டென்ஷனர், ஒரு வீல் ஸ்பீடு சென்சாரின் ஒயர், எக்ஸாஸ்ட் ஸ்பிரிங். ஐந்தாவது தடவையிலிருந்து ஒன்றும் போகவில்லை. நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று முழு எண்டூரன்ஸ் எதுவும் உடையாமல் முடிந்தால்தான் பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: டயர் பிரஷர், வெப்பநிலை, டிரைவர் சொன்னது, உடைந்தது, யார் சரி செய்தார்.

அடுத்தது டெக் இன்ஸ்பெக்ஷன், வண்டி விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை. அதில் தேறி ஸ்டிக்கர் வாங்காத வண்டி டிராக்கில் இறங்க முடியாது. ஹாக்கன்ஹைம் வரை வந்து, மூன்று நாளும் டெக் வரிசையிலேயே நின்றுவிட்டுத் திரும்பும் டீம்களை நேரில் பார்த்திருக்கிறேன். இதற்கு நட்டு விஷயத்தை மட்டும் ஒரு உதாரணமாகச் சொல்கிறேன். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எதிலும் சாதா நட்டு ஆகாது, பூட்டும் நட்டு வேண்டும், அந்த நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை குறைந்தது இரண்டு முழுச் சுற்று தெரிய வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். இன்ஸ்பெக்டர் டார்ச் லைட்டோடு படுத்து, பெடல் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைப் பார்த்து ஒன்றரைச் சுற்றுதான் தெரிகிறது என்பார். 5 மி.மீ. நீளம் கூடுதலான போல்ட் உங்கள் டப்பாவில் இல்லையென்றால் திண்டாட்டம்தான், ஞாயிற்றுக்கிழமையென்றால் ஜெர்மனியில் கடையும் மூடியிருக்கும். அதனால் டார்க் ரெஞ்சில் இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போட்டு, இறுக்காத ஆள் ஒருவர் விரலால் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும். இறுக்கிய ஆளே சரிபார்த்தால் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

டிரைவர் முழு உடையோடு, கிளவுஸோடு, ஐந்து நொடியில் வெளியே வர வேண்டும். காலேஜில் தினமும் பத்து தடவை பழகுங்கள். வண்டியை 60 டிகிரி சாய்ப்பார்கள், ஒரு சொட்டு எரிபொருளோ எண்ணெயோ சிந்தக் கூடாது. எலக்ட்ரிக் வண்டிக்கு இரண்டு நிமிடம் தண்ணீர் தெளித்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து, மின்கசிவைக் கண்காணிக்கும் இன்சுலேஷன் மானிட்டர் ட்ரிப் ஆகிறதா என்று பார்ப்பார்கள். இங்கேயே தோட்டத்து ஹோஸை எடுத்து அடித்துப் பாருங்கள், பயப்படாதீர்கள், ஆனால் எலக்ட்ரிகல் சேஃப்டி பார்க்கும் பேராசிரியர் பக்கத்தில் இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள். பிரேக் டெஸ்டில் நான்கு சக்கரமும் ஒன்றாக லாக் ஆகி, வண்டி நேராக நிற்க வேண்டும். புது பேடைப் போட்டு அப்படியே போய் நிற்பது பலர் செய்யும் தப்பு. பேட் டிஸ்க்கில் உட்கார ஓட்டம் வேண்டும், அதை இங்கேயே கொடுத்துவிட்டு, முன் பின் பிரேக் விசையைப் பங்கிடும் பேலன்ஸ் பார் எத்தனை சுற்றில் இருந்தபோது நான்கும் லாக் ஆனது என்று குறித்து வையுங்கள்.

வண்டியை ஓட்டாமல் நடக்கும் ஸ்டேட்டிக் ஈவன்ட்களுக்கு 325 புள்ளி: டிசைன் 150, காஸ்ட் 100, பிசினஸ் பிளான் 75. ஓட்டமே இல்லாத புள்ளி என்று அலட்சியம் வேண்டாம். டிசைன் ஜட்ஜ் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான், ஏன் இப்படி? "சீனியர் போன வருடம் இப்படித்தான் வைத்தார்" என்று சொன்ன அடுத்த நொடி அவர் முகம் மாறும். கணக்கு இது, டிராக்கில் அளந்தது இது, இரண்டும் இவ்வளவு தள்ளி இருந்தது, அதனால் இதை மாற்றினோம் என்று வண்டியில் பதிவான லாகர் டேட்டாவைக் காட்டுங்கள். அந்த ஒன்பது ஓட்டத்தின் நோட்டு இங்கேதான் சோறு போடும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, அங்கே வரும் பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை.

கடைசியாகப் பயணம். ஷெங்கன் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம், போட்டியின் அழைப்புக் கடிதம் வந்த அன்றே தேதி தேடுங்கள். மரப்பெட்டிக்கு வெப்பத்தில் பதப்படுத்திய மரமா என்று பார்த்து ஐஎஸ்பிஎம் 15 (சரக்கு மரத்துக்கான சர்வதேச விதி) முத்திரை வாங்குங்கள், முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகையில் வரும், யுஎன் 38.3 என்ற போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள், விமானத்தில் தனியாக அனுப்பினால் சார்ஜ் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். செல் வாங்கும்போதே விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வண்டி தற்காலிகமாக வெளியே போய்த் திரும்பி வருகிறது என்பதற்கு ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுக்கலாம், இந்தியாவில் அதைக் கொடுப்பது ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு. பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் அதன் பட்டியலில் இருக்கும், போனது எல்லாம் திரும்பி வர வேண்டும். போட்டி முடிந்த இரவு பக்கத்து டென்ட்டில் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும், பழகிய டீமுக்கு ஒரு ஸ்பேனர் செட்டை நினைவாகக் கொடுக்கத் தோன்றும். டி-ஷர்ட் கொடுங்கள். பட்டியலின் ஒரு நகலைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி, இரண்டு பேர் நின்று, ஒருவர் வாசிக்க ஒருவர் எடுத்து வைக்க, எண்ணி மூடுங்கள்.