கேரம் காயில் கோபுரம் கட்டலாம்: லாஸ்கா ஆடும் விதம்

எங்கள் கேரம் போர்டு மழையில் நனைந்து உப்பிப் போய்விட்டது. காய்கள் மட்டும் மிச்சம். அவற்றை வைத்துத்தான் நானும் அண்ணன் மகனும் லாஸ்கா ஆடுகிறோம். 1894 முதல் 1921 வரை உலகச் செஸ் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் 1911-இல் கொண்டுவந்த ஆட்டம் இது. எதிரிக் காயைத் தாண்டி வெட்டும் செக்கர்ஸ் ஆட்டத்துக்குத் தம்பி முறை. ஆனால் வெட்டுப்பட்ட காய் பலகையை விட்டுப் போகாது, அங்கேயே சிறையிருக்கும்.

ஆளுக்கு 11 காய் வேண்டும். கேரம் செட்டில் நிறத்துக்கு 9 தான். மீதியைப் பக்கத்து வீட்டுப் பழைய செட்டில் தேற்றினேன். ஒவ்வொரு காயின் அடியிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டுங்கள். கல் வைத்த பொட்டு ஆகாது, அடுக்கு ஆடும்.

செஸ் போர்டில் கறுப்புக் கட்டம் உங்கள் இடக்கை மூலையில் இருக்கட்டும். எதிர்க்கோடி வரிசையையும் வலது ஓரத்தையும் காலண்டர் தாளால் மூடிவிட்டால் ஏழுக்கு ஏழு. அதில் 25 கறுப்புக் கட்டங்கள். அவரவர் பக்கத்து மூன்று வரிசையில் 4, 3, 4 என்று காய்களை வையுங்கள். நடுவில் மூன்று கட்டம் காலி. வெள்ளை முதலில்.

காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் முன்னால் போகும். எதிரிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தால் தாண்டி வெட்ட வேண்டும். வேண்டாமென்று விட முடியாது. தொடர்ந்து வெட்ட வழியிருந்தால் அதையும் வெட்டியாக வேண்டும். கடைசி வரிசையைத் தொட்டதும் மேல்காயைப் புரட்டிப் பொட்டை மேலே காட்டுங்கள். அது இனி அதிகாரி, பின்னாலும் போகும். அத்துடன் அந்த முறை முடிந்தது.

இனிதான் விஷயமே. தாண்டும்போது எதிரி அடுக்கின் மேல்காயை மட்டும் எடுத்து உங்கள் அடுக்கின் அடியில் செருக வேண்டும். மிச்சம் அங்கேயே நிற்கும். எந்த அடுக்கும் மேலே இருக்கும் நிறத்துக்குச் சொந்தம், மொத்தமாக நகரும். எதிரியின் மேல்காய்க்கு அடியில் உங்கள் காய் இருந்தால் ஒரே தாண்டலில் அது விடுதலை.

முதல் வாரம் முழுக்க நான் தோற்றேன். நாலு கறுப்பைச் சிறைபிடித்து அதன்மேல் ஒற்றை வெள்ளையோடு பெருமையாக நின்றேன். பையன் ஒரு தாண்டு தாண்டினான். என் வெள்ளை அவன் அடியில் போனது; நாலு கறுப்பும் ஒரே கோபுரமாக அவனுடையது. அன்றிலிருந்து உயரத்தைப் பார்ப்பதில்லை, மேலே எத்தனை என் நிறம் என்றுதான் எண்ணுகிறேன்.

இப்போது நான் தூண்டில் போடுகிறேன். அவனுடைய ஒற்றைக் காய்க்கு முன்னால் என் காய் ஒன்றை வைப்பேன். அவன் விழும் கட்டத்துக்குக் குறுக்கே இன்னொன்று காத்திருக்கும், அதற்கு எதிர்மூலை காலியாக இருக்கும். அவன் வெட்டியே தீர வேண்டும். வெட்டி விழுந்ததும் நான் தாண்டுவேன். அவன் காய் எனக்குக் கைதி, தூண்டில் காயும் திரும்பிவிடும். "யோசிக்காதீங்க அத்தை, வெட்டித்தான் ஆகணும்" என்று என்னை விரட்டிய வாய் அது.

நகர்த்த வழியில்லாமல் நிற்பவர் தோற்றார். அப்போதும் 22 காயும் பலகையில்தான் இருக்கும்.