லோகோ யாருக்குச் சொந்தம்? மதுரைக் கடைக்காரர் அனுபவம்

எங்கள் வத்தல் பாக்கெட் லோகோவையே நிறம் மாற்றி, விளக்குத்தூண் பக்கம் இன்னொரு கடைக்கும் டிசைனர் கொடுத்துவிட்டார். ‘டிசைனருக்குக் காசு கொடுத்த பில் இருக்கே’ என்றால் போதாது. போட்டோ, பெயின்டிங் என்றால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை காசு கொடுத்தவருக்கே உரிமை. கணினியில் போட்ட லோகோவுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

டிசைனரிடம் உரிமை மாற்றுப் பத்திரம் வாங்கினேன். லோகோ அச்சை அதிலேயே ஒட்டி, குறுக்கே அவர் கையெழுத்து. தொகை, காலம், இடம் மூன்றும் எழுத்தில் இருக்கணும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘பதிப்புரிமைக் காலம் முழுதும், உலகெங்கும்’ என்று போட்டுக்கொண்டேன். அந்தக் கடைக்கு அவரே வேறு லோகோ போட்டுக் கொடுத்தார்.

கடைப்பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது, டிரேட்மார்க்தான். ஆன்லைனில் டிஎம்-ஏ என்கிற விண்ணப்பப் படிவம், காய்கறி வத்தலுக்குச் சரக்கு வகுப்பு 29, தனிநபருக்குக் கட்டணம் ₹4,500. ‘மதுரை வத்தல்’ என்று ஊரும் சரக்கும் மட்டும் போட்டால் டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9-இல் ஆட்சேபம் வரும். விண்ணப்பித்த பின் பெயரைப் பெரிதாக மாற்றவும் விடமாட்டார்கள் (புது விண்ணப்பம், புதுக் கட்டணம்). ஏற்கெனவே புழங்கும் பெயர் என்றால் பழைய பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, பிரமாணப் பத்திரத்தோடு முதலிலேயே ஏற்றிவிடுங்கள்.